வாங்கிய புத்தகமும் வாடகைப் புத்தகமும்

எங்கள் கல்லூரியில் வரலாறு படிக்கும் முதுகலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் ஆண்டுதோறும் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. "லைப்ரரில இருக்குன்னு காட்டுது மேடம், உள்ள போனா காசு கேக்குது." நூலகத்தின் இணையப் பட்டியலில் நூலின் பெயர் இருக்கிறது, அட்டைப்படம்கூட இருக்கிறது; சொடுக்கினால் பதிப்பகத்தின் பக்கம் திறந்து, டாலரில் ஒரு விலையைக் காட்டி, வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. மாணவரைக் கேட்டால் இது ஏமாற்று வேலை என்பார். நூலகரைக் கேட்டால், கைபேசி வளாகத்து வைஃபையை விட்டுவிட்டுச் சொந்த டேட்டாவுக்குத் தாவியிருக்கும் என்பார். பெரும்பாலும் நூலகர் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த விளக்கம் மாணவருக்கு எதையும் விளக்குவதில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள மின்னூல் யாருடையது, எந்த வாசல் வழியாகத் திறப்பது, திறந்தபின் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், எத்தனை நாள் அது அங்கே இருக்கும் என்பதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆய்வு முறையியல் தாளில் மேற்கோள் குறிகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினாலும் போதும் என்பது என் எண்ணம்.

அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும். அச்சு நூல் ஒன்றை நூலகம் விலைகொடுத்து வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. முத்திரை குத்தி, எண் எழுதி, அலமாரியில் வைத்துவிட்டால், வெளியிட்ட பதிப்பகம் இழுத்து மூடப்பட்டாலும் அந்த நூல் அங்கேயே இருக்கும். மின்னூலில் நூலகம் பெரும்பாலும் வாங்குவது நூலை அல்ல, அதைப் படிப்பதற்கான உரிமத்தை. வீட்டு உரிமையாளர் போடும் வாடகை ஒப்பந்தத்தைப் போல அந்த உரிமத்திலும் நிபந்தனைகள் இருக்கும்: யார் படிக்கலாம், எங்கிருந்து படிக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர், எத்தனை பக்கம் நகலெடுக்கலாம், எதுவரை. மாணவர்கள் சந்திக்கும் தடைகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றிலிருந்து வருபவை. எந்த நிபந்தனையில் இடறினோம் என்று தெரிந்துவிட்டால், பாதிச் சிக்கல்களை நூலகரிடம் போகாமலேயே தீர்த்துவிடலாம்.

இந்த நிபந்தனைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1998-இல் தொடங்கப்பட்ட நெட்லைப்ரரி நிறுவனம் நூலகங்களுக்கு மின்னூல்களை விற்றபோது, ஒரு நூலை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே படிக்கலாம் என்று விதித்தது. காகிதப் பிரதி ஒன்றுதான் இருக்கும் என்பதால் இயல்பாக வந்த கட்டுப்பாட்டை, எத்தனை பிரதி வேண்டுமானாலும் செலவின்றி எடுக்கக்கூடிய கணினிக்குள் வலிந்து கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த ஆண்டே இ-பிரரி என்ற இன்னொரு மின்னூல் நிறுவனம் வந்தது, சில ஆண்டுகளில் ஈ.பி.எல். என்ற மூன்றாவது ஒன்றும் வந்தது. 2010-இல் நெட்லைப்ரரி எப்ஸ்கோ நிறுவனத்தின் கைக்குப் போனது. இ-பிரரியை 2011-இலும் ஈ.பி.எல்.-ஐ 2013-இலும் புரோக்வெஸ்ட் நிறுவனம் வாங்கி, இரண்டையும் இணைத்து ஈபுக் சென்ட்ரல் என்ற தளமாக்கியது. ஆக, பல பதிப்பகங்களின் நூல்களைத் திரட்டித் தரும் இடைத்தரகுத் தளங்கள் என்றால் இன்று முதலில் நிற்பவை ஈபுக் சென்ட்ரலும் எப்ஸ்கோவும். இவற்றுக்கு மறுபுறம், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பகங்கள் தங்கள் நூல்களைத் தாங்களே தரும் சொந்தத் தளங்கள் இருக்கின்றன. ஜேஸ்டோரும் புராஜெக்ட் மியூஸும் பல பதிப்பகங்களின் நூல்களைத் தந்தாலும் நடத்தையில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒரே நூல் இரண்டு வகைத் தளங்களிலும் கிடைக்கலாம், ஆனால் வாசகருக்குக் கிடைக்கும் சுதந்திரம் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைத்தான் நான் முதல் வகுப்பிலேயே சொல்கிறேன். மற்றவை பின்னால் தானே விளங்கும்.

தமிழ்நாட்டில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு மின்னூல் வாசல் என்றால் அது பெரும்பாலும் என்-லிஸ்ட் திட்டம்தான். குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. கல்லூரி ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினராகும்; நூலகர் ஆசிரியர்கள், மாணவர்களின் பெயர்களைப் பதிவேற்றுவார்; ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மின்னஞ்சலில் வரும். அந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்து, திறக்கப்படாமலேயே மூன்றாண்டுப் படிப்பு முடிந்துபோன மாணவர்கள் ஏராளம். உள்ளே ஏறத்தாழ 2 லட்சம் மின்னூல்கள் என்றும், தேசிய மின்னணு நூலகம் வழியாக மேலும் 6 லட்சம் என்றும் அறிவிப்புகளில் பார்க்கலாம். இந்த எண்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. 6 லட்சத்தில் பெரும்பகுதி பதிப்புரிமை முடிந்த பழைய நூல்களும் அரசு ஆவணங்களும்தான். 2 லட்சத்தில் பெரும்பகுதி பழைய இ-பிரரியிலிருந்து வந்த ஒரே தொகுப்பு. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, சேஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ், ஸ்பிரிங்கர் ஆகியவற்றின் நூல்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரம் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் வரை உண்டு. சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வு நிறுவனம் வெளியிட்டவை சில நூறு இருக்கின்றன. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போன தமிழர்களைப் பற்றி ஆராய்பவர்கள் முதலில் துழாவ வேண்டியது இந்தச் சிறு தொகுப்பைத்தான். இவை குறிப்பிட்ட காலங்களில் வாங்கப்பட்ட தொகுப்புகள் என்பதால், சென்ற ஆண்டு வெளிவந்த நூலை இங்கே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

பல்கலைக்கழக வளாகங்களில் வாசல் வேறு விதமானது. வளாகத்து இணைய இணைப்பின் ஐ.பி. எண்களைப் பல்கலைக்கழகம் பதிப்பகத்திடம் கொடுத்து வைத்திருக்கும். அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் கதவு திறக்கும். பக்கத்தின் மேல் ஓரத்தில் 'ஆக்சஸ் புரவைடட் பை' என்று தொடங்கி உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோடு சிறிய எழுத்தில் ஒரு வரி வரும். அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நான் மாணவர்களுக்குக் கற்றுத்தரும் முதல் பழக்கம். வரி இல்லை என்றால், நீங்கள் யார் என்பது அந்தத் தளத்துக்குத் தெரியவில்லை என்று பொருள்; நூல் நூலகத்தில் இல்லை என்று பொருளல்ல. விலை கேட்கும் பக்கம் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகிறது.

வீட்டிலிருந்து திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஈஸிபிராக்ஸி போன்ற இடைச் சேவையகம்: நூலகப் பக்கத்தில் நுழைந்து கடவுச்சொல் கொடுத்தபின், பதிப்பகத்தின் முகவரியோடு பல்கலைக்கழகத்தின் முகவரியும் ஒட்டிக்கொண்டு நீளமாக ஒரு முகவரி வரும். அந்த நீள முகவரியை வேறு கல்லூரி நண்பருக்கு அனுப்பினால் அவருக்குத் திறக்காது. அவருக்கு நூலின் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது நூலுக்கென்றே உள்ள மாறாத இணைய அடையாள எண்ணைத்தான் அனுப்ப வேண்டும். மற்றொன்று, பதிப்பகத்தின் பக்கத்திலேயே உள்ள 'ஆக்சஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிடியூஷன்' என்ற பொத்தான். இந்தியாவில் இன்ஃபெட் என்ற கூட்டமைப்பு இதற்கு வழிசெய்கிறது. பெயர்ப் பட்டியலில் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வமான முழுப் பெயரைத் தட்டினால்தான் அகப்படும். பேச்சு வழக்கில் நாம் சொல்லும் சுருக்கப் பெயரைத் தட்டிவிட்டு, நம் பல்கலைக்கழகமே பட்டியலில் இல்லை என்று திரும்பிவிடுபவர்கள் உண்டு.

தேடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் தமிழகம் தொடர்பான ஆய்வுகளுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரு நூலின் கெட்டி அட்டைப் பதிப்பு, மெல்லட்டைப் பதிப்பு, பி.டி.எஃப்., இபப் என்னும் மின்வடிவங்கள் ஆகியவற்றுக்கு வெவ்வேறு ஐ.எஸ்.பி.என். அடையாள எண்கள் இருக்கும், ஆசிரியர் கொடுத்த அச்சு நூலின் எண்ணை அப்படியே தட்டினால் மின்னூல் வராமல் போகலாம். தலைப்பின் முதல் மூன்று நான்கு சொற்களையும் ஆசிரியரின் குடும்பப் பெயரையும் தட்டுவது அதைவிடப் பலன் தரும். இது எல்லாத் துறைக்கும் பொது. நமக்கே உரிய சிக்கல் எழுத்துக்கூட்டல். மேலை நாட்டு நூலகங்கள் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் பெயர்க்க அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றுகின்றன. அந்த முறையில் சிலப்பதிகாரம் ஆங்கில 'எஸ்' எழுத்தில் தொடங்காது, 'சி' எழுத்தில்தான் தொடங்கும். திருக்குறளின் முதல் எழுத்தான 'டி'யை அடுத்து நாம் வழக்கமாகப் போடும் 'எச்' அங்கே இருக்காது. ஆனால் நூலாசிரியர் தம் நூலுக்குள் வேறு கூட்டலைப் பின்பற்றியிருக்கலாம், பதிப்பகம் அட்டையில் மூன்றாவது ஒன்றைப் போட்டிருக்கலாம்.

ஊர்ப் பெயர்கள் இதைவிடப் பாடுபடுத்துபவை. தூத்துக்குடியைப் பற்றிய செய்திகள் டூட்டிகோரின் என்ற பெயரின் கீழ்தான் மிகுதியாகக் கிடைக்கும். தரங்கம்பாடி டிராங்குபார் என்று இருக்கும், நாகப்பட்டினம் நெகபட்டம் என்றும் இருக்கும். ஜமீன் ஊர்களின் பெயர்களுக்கோ கிழக்கிந்தியக் கும்பினி ஆவணங்களில் எழுத்தருக்கு எழுத்தர் ஒரு கூட்டல். எனவே ஆய்வைத் தொடங்கும்போதே தன் தலைப்புக்குரிய ஊர், சாதி, ஆள் பெயர்களின் எல்லாக் கூட்டல்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளும்படி மாணவர்களிடம் சொல்வேன். அவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஆர்' என்ற இணைப்புச் சொல்லால் கோத்து, ஒவ்வொரு கூட்டலையும் மேற்கோள் குறிக்குள் வைத்துத் தட்டினால் ஒரே தேடலில் எல்லாம் வந்துவிடும். இங்கேதான் இடைத்தரகுத் தளங்களின் உண்மையான பலம் தெரிகிறது. அவை தலைப்பை மட்டும் தேடுவதில்லை, லட்சக்கணக்கான நூல்களின் உள்ளுரையையும் தேடுகின்றன. தலைப்பைப் பார்த்தால் நம் ஊருக்குத் துளியும் தொடர்பில்லாத நூல் ஒன்றில், பருத்தி வணிகத்தைப் பற்றிய ஓர் அத்தியாயத்தின் நடுவில், நாம் தேடும் ஜமீனைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கும். அட்டைப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பக்கத்தை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் தம் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டது, ஒரு பொருளைப் பற்றிய நூல்கள் அலமாரியில் அடுத்தடுத்து நிற்க வேண்டும் என்பதற்காக. ஒன்றை எடுக்கப் போனவர் பக்கத்தில் நிற்கும் இன்னொன்றைப் பார்ப்பார். மின்னூல்களோ தளத்துக்குத் தளம் சிதறிக் கிடக்கின்றன. தேடுபெட்டி நாம் கேட்டதை மட்டுமே கொடுக்கும். நூலகப் பட்டியலில் ஒரு நல்ல நூலைக் கண்டதும் அதன் பொருள் தலைப்பைச் சொடுக்கிப் பார்ப்பது இதற்கு ஓரளவு மாற்று. அந்தத் தலைப்பின் கீழ் நூலகர்கள் கையால் சேர்த்து வைத்த நூல்கள் வரிசையாக வரும். பெரும்பாலான மாணவர்கள் அந்த நீல எழுத்துகளை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

நூல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பதிப்பகத்தின் சொந்தத் தளத்திலோ ஜேஸ்டோரிலோ கிடைத்தால் பெரும்பாலும் கவலை இல்லை: ஒவ்வோர் அத்தியாயமும் தனித்தனி பி.டி.எஃப். கோப்பாக, பூட்டு எதுவும் இல்லாமல் இறங்கும். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். உரிமம் இல்லாத நூலாக இருந்தாலும் இத்தளங்களில் முன்பக்கங்கள், பொருளடக்கம், பின்னால் உள்ள சொல்லடைவு ஆகியவை பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். சொல்லடைவு திறந்திருப்பது சிறிய விஷயமல்ல. நமக்கு வேண்டியது அந்த நூலில் மூன்று பக்கமா, முப்பது பக்கமா என்பதை அதை வைத்தே அறிந்துகொண்டு, பிறகு நூலைத் தேடி அலைவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

இடைத்தரகுத் தளங்களில் நிலைமை வேறு. ஈபுக் சென்ட்ரலில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால், எத்தனை பக்கம் நகலெடுக்கலாம், எத்தனை பக்கம் பி.டி.எஃப். ஆக எடுக்கலாம், அதில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் காட்டும். அந்த அளவைப் பதிப்பகம் நூலுக்கு நூல் நிர்ணயிக்கிறது. அவசரக்காரர் முதல் நாளே முன்னுரை, நன்றியுரை என்று பக்கங்களை எடுத்துத் தீர்த்துவிட்டு, வேண்டிய அத்தியாயத்துக்கு வரும்போது அளவு முடிந்து நிற்பார். திரையிலேயே படித்துவிட்டு, உண்மையில் தேவைப்படும் பக்கங்களை மட்டும் இறக்குவதே நல்லது. முழு நூலையும் இறக்கலாம் என்ற பொத்தான் இருந்தால் அது பெரும்பாலும் சில நாள் கடனுக்கு மட்டும். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் போன்ற மென்பொருளில்தான் திறக்கும். கெடு முடிந்ததும் தானே பூட்டிக்கொள்ளும். அடோபி வழியாக இறக்கும்போது கணினியில் முதலில் வந்து விழுவது ஏ.சி.எஸ்.எம். என்று முடியும் சில கிலோபைட் கோப்பு. அதில் நூல் இல்லை. நூலை இறக்கும்படி மென்பொருளுக்குத் தரும் உத்தரவு மட்டுமே இருக்கிறது. இந்தக் கோப்பைத்தான் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, ஒருவருக்கும் திறக்கவில்லை என்று வியந்துகொண்டிருப்பார்கள்.

ஒரே நேரத்தில் ஒருவர், அல்லது மூவர், அல்லது வரம்பின்றி என்று உரிமத்தில் வகைகள் உண்டு. ஒருவர் உரிமம் உள்ள நூலைத் தேர்வுக்கு முந்தைய வாரம் வகுப்பு முழுவதும் திறக்க முயன்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. படித்து முடித்தவர் பக்கத்தை முறையாக மூடாமல் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டால், நேரக் கெடு தீரும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். எந்த நூலைப் பாடத்துக்குப் பரிந்துரைக்கலாம் என்று முடிவு செய்யும் முன்பே உரிமம் எத்தனை பேருக்கு என்று ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பாடத்திட்டக் குழுக்களில் இந்தக் கேள்வி எழுந்து நான் பார்த்ததில்லை.

மேற்கோள் காட்டுவதில் ஒரு வார்த்தை. இபப் வடிவத்தில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமும் மாறும் என்பதால் பக்க எண்ணை நம்ப முடியாது, பி.டி.எஃப். கிடைத்தால் அதையே பயன்படுத்த வேண்டும், அது அச்சுப் பக்கத்தோடு ஒத்துப்போகும். திரையின் கீழே தளம் காட்டும் வரிசை எண்ணையும் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணையும் குழப்பிக்கொண்டு, முன்னுரையின் ரோமன் எண் பக்கங்கள் அளவுக்குத் தள்ளிப்போன அடிக்குறிப்புகளை ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

இனி, காலக்கெடு. நூலகங்கள் மின்னூல்களைப் பெறும் முதன்மையான வழிகள் இரண்டு: ஒரு தடவை பணம் கட்டி நிரந்தர உரிமம் பெறுவது, அல்லது ஆண்டுச் சந்தாவில் பெருந்தொகுப்பு ஒன்றை வாங்குவது. சந்தாத் தொகுப்பில் எந்த நூல் இருக்கும், எது போகும் என்பது நூலகத்தின் கையில் இல்லை. 2022 ஆகஸ்ட் இறுதியில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் தொடங்கும் நேரத்தில், வைலி பதிப்பகம் புரோக்வெஸ்ட் தொகுப்பு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை விலக்கிக்கொண்டது. பாடத்திட்டத்தில் சேர்த்திருந்த ஆசிரியர்கள் கொதித்தெழுந்த பிறகே அடுத்த கோடைவரை திருப்பித் தந்தது. புரோக்வெஸ்டை வாங்கிவிட்ட கிளாரிவேட் நிறுவனம், நூலகங்களுக்கு ஒருமுறைக் கட்டணத்தில் நூல்களை விற்பதையே நிறுத்தி எல்லாவற்றையும் சந்தாவாக்கப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. நூலகர்களின் எதிர்ப்பால் கெடு 2026 ஜூன் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது, முடிவு கைவிடப்படவில்லை. இந்த ஒரு செய்தி போதும், எந்தத் திசையில் வண்டி போகிறது என்பதைக் காட்ட. ஆய்வுக்கு இன்றியமையாத அத்தியாயத்தை உரிமம் அனுமதிக்கும் அளவில் இன்றே இறக்கி, டி.ஓ.ஐ. எண்ணோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். படிப்பு முடிந்து நிறுவன மின்னஞ்சல் செயலிழக்கும் நாளில் கதவும் சேர்ந்து மூடும். அதற்குப் பிறகும் பல உரிமங்களில் நூலகத்துக்கு நேரில் வந்து அங்குள்ள கணினியில் படிக்க வெளியாருக்கு இடமுண்டு. ஆனால் அதை எந்த நூலகமும் பலகை வைத்துச் சொல்வதில்லை, கேட்டால்தான் தெரியும்.

இந்தியாவில் இப்போது எல்லோரும் பேசுவது 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைப் பற்றி. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. பெரிய முயற்சிதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தில் ஆய்விதழ்கள் என்றுதான் இருக்கிறது. வேதியியலிலோ மருத்துவத்திலோ புதிய ஆய்வு கட்டுரையாக வெளிவரும். வரலாற்றிலும் இலக்கியத்திலும் மானிடவியலிலும் ஒருவர் பத்தாண்டு உழைப்பு நூலாகத்தான் வெளிவருகிறது. அந்த நூலைப் பற்றிய மதிப்புரை இப்போது அரசுக் கல்லூரி மாணவருக்கு ஆய்விதழில் கிடைக்கும், நூல் கிடைக்காது. மதிப்புரைகளை மட்டும் படித்து எழுதப்படும் ஆய்வேடுகள் இனி பெருகும் என்று அஞ்சுகிறேன்.

பணம் கேட்காத வாசல்களை இந்த நிலையில் தெரிந்து வைத்திருப்பது கட்டாயம். திறந்த அணுக்க நூல்களின் அடைவான டி.ஓ.ஏ.பி. (DOAB), அத்தகைய நூல்களின் இணைய நூலகமான ஓப்பன் (OAPEN) ஆகிய தளங்கள் முதலில் பார்க்க வேண்டியவை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1982 முதல் 2004 வரை வெளியிட்ட நூல்களில் ஒரு பகுதியை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்ப் பற்றின் வரலாற்றைப் பற்றி சுமதி ராமசாமி 1997-இல் வெளியிட்ட 'பேஷன்ஸ் ஆஃப் த டங்' அங்கே முழுமையாக இருக்கிறது. அந்த நூலின் மங்கிய ஜெராக்ஸ் பிரதியை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் படிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீடுகள் பல ஓப்பன் எடிஷன் தளத்தில் திரையில் படிக்கக் கிடைக்கின்றன. கோப்பாக இறக்குவதுதான் அங்கே சந்தா கட்டிய நூலகங்களுக்கு உரியது. தமிழிலேயே எழுதப்பட்ட ஆய்வு நூல்களை மேலே சொன்ன சந்தாத் தளங்களில் தேடுவது வீண் வேலை. அதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும், ஈழம் தொடர்பானவற்றுக்கு 'நூலகம்' என்றே பெயர்கொண்ட தளத்துக்கும்தான் போக வேண்டும்.

திருட்டு நூலகத் தளங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாசாங்காகிவிடும். எல்லோருக்கும் தெரியும், எல்லா விடுதி அறைகளிலும் திறந்திருக்கும். மாணவர்களுக்கு நீதி போதனை செய்வதில் எனக்கு ஆர்வமில்லை. ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்வேன்: எந்த நூல் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று கவுண்டர் என்னும் பொது அளவுமுறைப்படி ஒவ்வொரு தளமும் நூலகத்துக்குக் கணக்கு அனுப்புகிறது. அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கலாமா என்று குழு கூடும்போது மேசைமேல் இருப்பது அந்தக் கணக்குதான். நூலகத்தின் உரிமத்தில் சட்டப்படி கிடைக்கும் நூலை, கடவுச்சொல் தட்டச் சோம்பல்பட்டு வெளியே எடுப்பவர், வரலாற்று நூல்களை யாரும் படிப்பதில்லை என்ற வாதத்துக்குத் தம் கையால் சான்று தருகிறார்.

நூலகத்தில் இல்லாத நூலை வாங்கச் சொல்லிக் கேட்கவும் வழி உண்டு. பரிந்துரைப் படிவத்தில் நூலின் பெயரோடு, எந்தத் தளத்தில் வேண்டும், எத்தனை பேர் ஒரே நேரத்தில் படிப்பார்கள், எந்தத் தாளுக்கு, எத்தனை மாணவர்களுக்கு என்பதையும் எழுதினால் நூலகர் விலை கேட்டு வைப்பார். சென்ற ஆண்டு எங்கள் துறை முதுகலைத் தாள் ஒன்றுக்கு அப்படிக் கேட்டோம். மூவர் உரிமத்துக்கு வந்த விலையில் அதே நூலின் இந்திய மெல்லட்டைப் பதிப்பை ஒரு வகுப்புக்கே வாங்கிவிடலாம் போலிருந்தது. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அச்சு விலையைப் போலப் பல மடங்கு கேட்கிறார்கள் என்று 2020-இல் பிரிட்டிஷ் நூலகர்கள் ஓர் இயக்கமே நடத்தினார்கள். குழு கூடிப் பேசி, காகிதப் பிரதிகள் சிலவற்றை வாங்கி நூலகத்தின் பார்வை நூல் பிரிவில் வைத்தோம். வகுப்புக்கு வேண்டிய ஓர் அத்தியாயத்தைப் படிமம் எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தோம். பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரும் மாணவரும் எடுக்கும் நகலுக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் அளித்த தீர்ப்பும் அதையே சொன்னது. மின்னூலாக வாங்கியிருந்தால் எத்தனை பக்கம் எடுக்கலாம் என்பதற்கு இந்தச் சட்டத்தோடு பதிப்பகத்தின் உரிம ஒப்பந்தத்தையும் அல்லவா புரட்டிக்கொண்டிருந்திருப்போம் என்றார் நூலகர். அடுத்த ஆண்டும் அந்தத் தாளுக்குக் காகிதப் பிரதிகளையே வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது.